‘ங்க’ போட்டுப் பேசியவர்

‘வாங்க’ என்று அவர் ஒருவனைக் கூப்பிட்டுவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

கத்துகிற ஆசிரியர்களை எங்களுக்குத் தெரியும். டஸ்டரால் அடித்தவர்கள், காதைத் திருகியவர்கள், ‘மாடு மேய்க்கத்தான்டா நீ லாயக்கு’ என்றவர்கள், எல்லோரையும் பார்த்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வந்திருந்தோம். அதற்கெல்லாம் எங்களிடம் வைத்தியம் இருந்தது. தலையைக் குனிந்துகொள்வோம், வெளியே வந்ததும் அவரைப்போலவே பேசிக்காட்டிச் சிரிப்போம். மரியாதைக்கு மட்டும் எங்களிடம் வைத்தியம் இல்லை.

அவர் எங்களுக்கு முதல் செமஸ்டரில் லீனியர் ஆல்ஜிப்ரா எடுத்தார். கணிதத் துறைக்குத் தலைவரும் அவரே. நன்றாகப் பாடம் நடத்துவார். இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். சாக்பீஸைச் சுற்றி ஒரு துண்டுக் காகிதம். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பட்டன். போர்டில் அவர் எழுதிய அணி ஒவ்வொன்றும் பாத்தி கட்டினாற்போல இருக்கும், ஓர் எண் கோணாது. வகுப்பு முடிந்ததும் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொள்வார். எங்கள் வகுப்பு இரண்டாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் கடற்கரைச் சாலைக்கு அந்தப் பக்கம் உப்பளம். பதினோரு மணிக்குமேல் அந்த வெள்ளை வெளிச்சம் போர்டில் வந்து அடிக்கும். “கண்ணு கூசுதுங்க. யாராச்சும் சாத்திட்றீங்களா?” என்பார். சாத்துவது எப்போதும் கடைசி பெஞ்ச்.

பிடித்தவர்களை அவர் ‘டேய்’ என்று அழைத்தார். வகுப்பில் அது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. திண்டிவனத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர் மகன் விக்கி, பிரம்மதேசம் கிராமத்து வாத்தியார் வீட்டுப் பையன் கார்த்தி, இரண்டு பேரும் முதல் பெஞ்ச். “டேய் தடியா, ராத்திரி பூரா செல்லு நோண்டினியாடா?” என்று விக்கியின் மண்டையில் சாக்பீஸை எறிவார். விக்கி அதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வான். போர்ட்டிகோவில் படுத்திருக்கும் நாயிடம்கூட “வாடா ராஜா, சாப்ட்டியாடா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்கூட்டரை நிறுத்துவார். பிரின்சிபாலிடம் இங்கிலீஷ். மிச்சம் இருந்த எங்களுக்குத்தான் ‘ங்க’.

எனக்கு ‘ங்க’ கிடைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அதே நாளில்தான் ‘டேய்’யும் கிடைத்தது.

கார்த்தியைப் போர்டுக்கு அழைத்து ஓர் அணியைச் சுருக்கச் சொல்லியிருந்தார். அவன் பின்னத்துக்குள் பின்னமாகப் போய் மாட்டிக்கொண்டு நின்றான். “வேற யாருடா?” என்றார். நான் கையைத் தூக்கினேன். போய் முதல் வேலையாக மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் இடம் மாற்றி எழுதினேன். பிறகு பின்னமே வரவில்லை. மூன்று படியில் முடிந்தது.

“டேய்! எவன்டா உனக்கு ரோவ மாத்திப் போட சொல்லிக் குடுத்தது?”

“பிளஸ் டூல படிச்சது சார். தமிழ் மீடியம். ஏறுபடி வடிவம்னு வரும்.”

“நல்லாப் போட்றடா. எந்த ஊருடா நீ?”

“மரக்காணம் சார்.”

“அப்பா என்னடா பண்றாரு?”

“உப்பளத்துல சார்.”

“சொந்த அளமா?”

“இல்ல சார். கூலி.”

என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டார். “அப்படீங்களா,” என்றார். “உக்காருங்க.”

பெஞ்சுக்குத் திரும்பி வரும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான். துறைத்தலைவர் என்னை ‘உக்காருங்க’ என்கிறார் என்றால் மற்றவர்களைவிட ஒரு படி மேலே வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் பஸ்ஸில் என் வகுப்புக் கவிதாதான் எனக்குப் புரியவைத்தாள். பக்கத்து ஊர் அனுமந்தைப் பெண், அவள் அப்பா கடலுக்குப் போகிறவர், எதையும் நறுக்கென்று சொல்லிவிடுவாள்.

“லூசாடா நீ? ‘டேய்’னா உள்ள வா. ‘ங்க’ன்னா வெளிய நில்லு. அவ்ளோதான் அந்தாளு அகராதி.”

“மரியாதையா பேசுறாரு, அத போயி…”

“எங்க ஊர்ல மீனத்தான்டா அப்புடி கூப்புடுவோம். வாங்க சாமி, வாங்க சாமின்னு. வல இறுகுற வரைக்கும்.”

அவள் சொன்னதை நான் நம்பவில்லை. இன்னும் நன்றாகப் படித்தால் அந்த ‘டேய்’ திரும்பக் கிடைக்கும் என்று நம்பினேன். எனக்குக் கணிதம் பிடிக்கும். அதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா என்ன? மூன்று வரிசைகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துக் கழித்து, கடைசியில் எண்கள் படிக்கட்டுபோல இறங்கி நிற்கும்போது, உலகத்தில் எதையாவது ஒழுங்குபடுத்தி விட்டதுபோல இருக்கும். அந்த வகுப்பில் மூன்று வருடம் உட்கார்ந்திருக்க வேண்டும், அதில் பட்டம் வாங்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

புத்தகம் முழுக்க இங்கிலீஷ். விடையைத் தமிழில் எழுதலாம் என்று விதி இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தமிழ்ப்படுத்திப் படித்தேன். முதல் டெஸ்ட்டில் என் விடைத்தாளை அவர் கையில் எடுத்துக்கொண்டு வகுப்பைப் பார்த்தார்.

“ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்க. ‘V என்பது F என்னும் வயலின் மீது அமைந்த வெக்டர் வெளி என்க.’” கண்ணாடியை இறக்கி என்னைத் தேடினார். “எந்த வயல்ங்க இது? நெல்லுங்களா, கேழ்வரகுங்களா?”

ஃபீல்டு என்று புத்தகத்தில் இருந்தது. அகராதியில் வயல் என்று இருந்தது. எழுதிவிட்டேன்.

“அட, தம்பி மரக்காணம் இல்லீங்களா! அப்ப இது உப்பு வயல். வெக்டரெல்லாம் நல்லா வெளையுதுங்களா? மழ வந்தா கரைஞ்சுடாதுங்களே?”

வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருப்பவரைப்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு அடங்கியதும், “சொல்லுங்க, மகசூல் எப்படி?” என்றார். மறுபடியும் சிரிப்பு. நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்ல அவர் மறந்துவிட்டார். அல்லது மறக்கவில்லை.

சரியான சொல் என்ன என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை. களம் என்று நானே பிறகு தேடிக் கண்டுபிடித்தேன். வயலில் அறுத்ததைக் கொண்டுவந்து அடிக்கிற இடம் களம். நான் தவறி விழுந்தது ஒரு வரப்புத் தூரம்தான்.

அதற்குப்பிறகு என்னை வகுப்பில் ‘வயக்காடு’ என்றார்கள். அவர் அப்படி ஒருநாளும் அழைத்ததில்லை. யாராவது அழைப்பது காதில் விழுந்தால், “அப்படியெல்லாம் சொல்லக்கூடாதுங்க, தப்பு” என்பார். உடனே இன்னும் நான்கு பேர் சொல்வார்கள்.

கவிதா என்னைப்போலப் பொறுத்துப்போகிற ஆள் இல்லை. ஒருநாள் அவளைப் போர்டில் நிற்கவைத்து, அவள் ஒவ்வொரு வரி எழுதியதும், “ம், அப்புறம்ங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சரியாக எழுதினாலும் அதே ‘அப்புறம்ங்க’. தப்பாக எழுதினாலும் அதே. எங்கே தப்பியது என்று தெரியாமல் அவள் எழுதியதை அழித்து அழித்து எழுதினாள். கடைசியில், “உங்களுக்குச் சிரமமா இருக்குங்களா?” என்றார். “ஒண்ணும் தப்பில்ல. எல்லாருக்கும் எல்லாம் வரணும்னு இல்லீங்க. உங்க ஊர்ல நல்ல நல்ல மாப்பிள்ளைங்க இருப்பாங்களே.”

அவள் நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனாள். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

பிரின்சிபால் ஏதோ எழுதிக்கொண்டே கேட்டார். “அடிச்சாராம்மா?”

“இல்ல சார்.”

“கெட்ட வார்த்தை ஏதாவது?”

“இல்ல சார்.”

“வேற என்னதான் சொன்னாரு?”

“‘உங்களுக்குச் சிரமமா இருக்குங்களா’ன்னு கேட்டாரு சார்.”

பிரின்சிபால் நிமிர்ந்து பார்த்தார். “அதுல என்னம்மா தப்பு?”

கவிதா என்னைப் பார்த்தாள். “சார் எங்கள ரொம்ப மரியாதையா பேசுறாரு சார்,” என்றேன். பிரின்சிபால் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பக்கத்திலிருந்த கிளார்க்கும் சிரித்தார். “இதுக்கெல்லாம் கம்ப்ளைன்ட்டா? போங்கம்மா, போய்ப் படிங்க.”

மறுநாள் வகுப்பில் நுழைந்ததும் அவர் கவிதா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே வந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். “என்மேல ஏதோ வருத்தம்னு கேள்விப்பட்டேன். மன்னிச்சுக்குங்க.” அன்றிலிருந்து அவளிடம் எது கேட்பதாக இருந்தாலும் கையைக் கூப்பிக்கொண்டுதான் கேட்டார். “மன்னிச்சுக்குங்க, இந்த அணியோட ரேங்க் என்னங்க?” “மன்னிச்சுக்குங்க, ஜன்னலைச் சாத்த முடியுங்களா?” பின்பெஞ்ச் பையன்கள் கேன்டீனில் அவள் வரும்போது கையைக் கூப்ப ஆரம்பித்தார்கள். பஸ்ஸில் ஏறினால் கையைக் கூப்பி வழிவிட்டார்கள். அவள் யாரிடமும் சண்டை போடவில்லை. சண்டை போட அதில் என்ன இருக்கிறது?

ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது.

அந்த நாட்களில் அவர் ஸ்பான் என்ற பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார். கஷ்டமானது ஒன்றும் இல்லை. கையில் சில வெக்டர்கள் இருக்கின்றன. அவற்றை எண்களால் பெருக்கியும் ஒன்றோடொன்று கூட்டியும் எங்கெல்லாம் போய்ச் சேர முடியுமோ அவ்வளவு இடமும் அவற்றின் ஸ்பான். ஒரு வெக்டரை எடுத்துவிட்ட பிறகும் அதே இடங்களுக்கெல்லாம் போய்ச் சேர முடிகிறது என்றால், எடுத்த வெக்டர் வேண்டாதது. மற்றவற்றைச் சார்ந்து நின்றது. அதை டிபென்டன்ட் என்பார்.

வருகைப் பதிவேட்டில் கவிதாவின் பெயர்மேல் கோடு போட்டுவிட்டு, அவளுடைய இடத்தைப் பார்த்தார். “ஸ்பான் மாறலைங்க, பாத்தீங்களா?” என்றார். பாடத்துக்கு உதாரணம் சொல்கிற அதே குரல்.

செப்டம்பர் கடைசியில் என் முறை வந்தது. அதை நானே வரவழைத்துக்கொண்டேன், அதுவும் தெரியாமல்.

வீட்டில் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். மூன்று வெக்டரில் எது வேண்டாதது என்று கண்டுபிடித்து, மிச்சத்தை எழுத வேண்டும். எனக்கு வந்த விடை வேறு, புத்தகத்தின் பின்னால் இருந்த விடை வேறு. நான்கு தடவை போட்டேன். என் விடையில் தப்பு இல்லை. புத்தகத்திலும் தப்பு இருக்காது. அப்படியானால் எப்படி? பஸ்ஸில் வரும்போதும் அதே யோசனை. வகுப்பில் கேட்டுவிடலாம் என்று இருந்தேன்.

அன்றைக்கு அவர் எங்களையே வெக்டர்களாக்கினார். கார்த்தியை எழுப்பி, “டேய், நீ ஒன்று கமா ஜீரோ” என்றார். விக்கியை எழுப்பி, “நீ ஜீரோ கமா ஒன்று.” பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்து, “கொஞ்சம் எழுந்துக்கறீங்களா? நீங்க ஒன்று கமா ஒன்று” என்று என்னைக் காட்டினார்.

“இப்பப் பாருங்க. இவனையும் அவனையும் கூட்டினா தம்பி வந்துடுவாரு. தம்பிகிட்ட சொந்தமா ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் இவங்க ரெண்டு பேரு குடுத்தது. தம்பிய வெளிய அனுப்பிட்டா ஸ்பான் மாறுங்களா?”

“மாறாது சார்!” வகுப்பு ஒரே குரலில் சொன்னது.

எனக்கு அந்த நிமிஷத்தில்தான் பளிச்சென்று புரிந்தது. ராத்திரி போட்ட கணக்கும் இதுதான். அவமானம் எல்லாம் மறந்துபோய்விட்டது.

“சார், ஒரு டவுட் சார். என்ன மொதல்ல எழுதினா?”

“எப்படீங்க?”

“என்ன மொதல்ல எழுதி, அப்புறம் கார்த்திய எழுதினா, என்கிட்டேர்ந்து கார்த்தியக் கழிச்சா விக்கி வந்துட்றான் சார். அப்ப விக்கியத்தான் சார் வெளிய அனுப்பணும். நான் இருக்கலாம். யாரு கடைசியில நிக்கிறாங்களோ அவங்கதான் வேண்டாதவங்க ஆவுறாங்க. வரிசைய எழுதுறவரு கையிலதான சார் இருக்குது?”

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தேகம்தான் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. விடை இரண்டாக இருக்கலாமா என்று கேட்டேன். வகுப்பின் காதில் அது அப்படி விழவில்லை. பின்பெஞ்சில் ஒருவன் விசில் அடித்தான். “வயக்காடு! வெச்சான் பாருடா ஆப்பு!” என்று கத்தினான். மேசைகள் அதிர்ந்தன. விக்கி முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டான். முதல் முறையாக அந்த வகுப்பு அவர் சொல்லாத ஒன்றுக்குச் சிரித்தது.

அவர் சாக்பீஸைக் காகிதத்தோடு மேசைமேல் வைத்தார். கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். வகுப்பு முடிய இன்னும் நேரம் இருந்தது.

“ரொம்பச் சரியா சொன்னீங்க,” என்றார். “நாளைக்கு அப்பாவைக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க.”

மழைக்கு முன்னால் பாத்தியில் இருக்கிற உப்பையெல்லாம் வாரி மேட்டில் ஏற்றித் தார்ப்பாய் போட வேண்டிய நேரம் அது. அப்பா ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கென்று வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்.

“‘சார், பையன் தெரியாம பேசிட்டான். நீங்கதான் பெரிய மனசு பண்ணணும். எது பண்ணாலும் அந்தக் கணக்குலேர்ந்து மட்டும் எடுத்துறாதீங்க’ன்னு சொல்லிட்றேன். போதுமா?”

“போதும்பா.”

“கணக்குதான? வேற என்னவோ பேரு சொன்னியே.”

“லீனியர் ஆல்ஜிப்ரா.”

“அது வாயில வர்ல. கணக்குன்னே சொல்றேன்.” சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். “திட்டினாருன்னா திட்டட்டும்டா. நான் வாங்காத திட்டா? கால்ல வுழுந்தாவது உன்ன அங்கியே உக்கார வெச்சுட்டுத்தான் வருவேன். நீ வாயத் தொறக்காத.”

திட்டுக்குத்தான் அப்பா தயாராக வந்திருந்தார்.

துறைத்தலைவர் அறை வாசலில் அப்பா செருப்பைக் கழற்றினார். உள்ளேயிருந்து அவர் எழுந்து வந்தார். நாற்காலியை விட்டு எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு, வாசல்வரை.

“வாங்கய்யா, வாங்க. செருப்பெல்லாம் எதுக்குக் கழட்டறீங்க, போட்டுக்கிட்டே வாங்க. உக்காருங்க.”

அப்பா நின்றார். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முதுகைப் பிடித்துக்கொண்டார். அப்பா அதன் நுனியில் உட்கார்ந்தார். டீ வந்தது, பீங்கான் கோப்பையில். அப்பாவுக்கு முதலில், பிறகுதான் அவருக்கு.

“வெயில்ல வேலை செய்யறவங்க. உங்களைப் போய் அலைய விட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க.”

“ஐயோ, அதெல்லாம் இல்லீங்க சார். பையன் ஏதோ தெரியாம…”

“தம்பி தங்கமானவருங்க. ஒரு குறையும் இல்லை. ஆனா இந்த சப்ஜெக்ட் அவருக்குச் சுமையா இருக்குதுங்க. அரியர் மேல அரியர் விழுந்தா, நாளைக்கு யாரு கஷ்டப்படறது? நீங்கதான? ஹிஸ்டரியில ஒரு இடம் இருக்குது. நானே பேசி வச்சிருக்கேன். தம்பி தமிழ்ல நல்லா எழுதுவாரு. அங்க நல்லா வருவாரு.”

“அப்பா, நான் படிக்கிறேம்பா,” என்றேன். “எனக்கு ஒண்ணும் சுமையில்ல. எல்லா கணக்கும் எனக்கு வருது.”

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. “நீங்க சொல்லுங்க,” என்றார் அப்பாவிடம். “உங்க பையன். நீங்க பெரியவங்க. நீங்க வேணாம்னா இப்பவே இந்தப் பேச்சை விட்டுடறேன். உங்க வார்த்தைதாங்க முடிவு.”

அப்பா கோப்பையைக் கையில் வைத்திருந்தார். என்ன சொல்றீங்க என்று அவரை அதுவரை யாரும் கேட்டதில்லை. அளத்தில் அவருடைய மகன் வயதுப் பையன் ‘டேய் சூசை’ என்பான். கோயிலில் ஃபாதர் ‘என்னப்பா’ என்பார். முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் தன் வாயைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பது அவருக்கு என்னவோ செய்தது. முதுகு நிமிர்ந்தது. நாற்காலியில் பின்னால் நகர்ந்து சரியாக உட்கார்ந்துகொண்டார்.

“அப்பா,” என்றேன்.

“சார் சொல்றாருல்ல. சும்மா இருடா.” பிறகு அவரைப் பார்த்து, பெரிய மனிதர்கள் பேசுகிற குரலை எங்கிருந்தோ வரவழைத்து, “நீங்க படிச்சவங்க. உங்களுக்குத் தெரியாததா? அப்புடியே பண்ணிடுங்க சார்,” என்றார்.

துறை மாற்ற விண்ணப்பம் ஏற்கெனவே எழுதி முடித்து மேசையில் இருந்தது. அப்பாவுக்குத் தன் பெயரை எழுத நேரமாகும். அப்பா எழுதி முடிக்கும்வரை காகிதம் நகராதபடி அவர் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். என்னிடம், “போயிட்டு வர்றீங்களா, தம்பி,” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவுக்கு வாய் ஓயவில்லை.

“என்னா மனுஷன்டா! எழுந்து வர்றாருடா வாசலுக்கு! எனக்கு! ‘வாங்கய்யா’ன்றாரு. ‘நீங்க சொல்லுங்க’ன்றாரு. நம்ம ஊர்ல ஒருத்தன் சொல்வானா? நீ என்னமோ அவர எதுத்துப் பேசினியாமே, எப்புடிடா மனசு வந்துச்சு?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“மூஞ்சத் தூக்காத. உன் நல்லதுக்குத்தான்டா சொல்றாரு.”

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னார். பக்கத்து வீட்டில் சொன்னார். டீக்கடையில் சொன்னார். சொல்லச் சொல்ல நாற்காலி பெரிதாகிக்கொண்டே போனது.

சனிக்கிழமைகளில் நானும் அப்பாவுடன் அளத்துக்குப் போவேன். அந்தச் சனிக்கிழமை மேற்கே மேகம் கூடியிருந்தது, எல்லோருக்கும் அவசரம். பெண்கள் கூடையில் உப்பைச் சுமந்து மேட்டில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சின்ன முதலாளி வரப்பில் பைக்கை நிறுத்திவிட்டு அங்கிருந்தே கத்தினான். “டேய் சூசை! அந்தப் பாத்திய எப்படா வாருவ? மழ வந்து வாருமா?”

அப்பா வாருபலகையை நட்டுவைத்துவிட்டு வரப்புக்குப் போனார். கோபமாகப் போகவில்லை. ஒரு நல்ல சேதியைச் சொல்லப் போகிறவரைப்போலச் சிரித்துக்கொண்டே போனார்.

“தம்பி, ஒண்ணு சொல்றேன் கோச்சுக்காத. காலேஜ் புரொபசரே என்ன வாங்க, உக்காருங்கன்றாரு. எழுந்து வந்து நாற்காலி போட்றாரு. நீ எம் பையன் வயசு. ‘டேய்’ மட்டும் வேணாம்பா. சூசைன்னே கூப்புடு, போதும்.”

சின்ன முதலாளி கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தான். பிறகு பைக்கிலிருந்து இறங்கினான். இடுப்பை வளைத்து, இரண்டு கையாலும் பாத்தியைக் காட்டினான்.

“மன்னிச்சுருங்க சூசை சார். வாங்க சார். இப்டி வாங்க. உப்பு வார்றீங்களா சார்? பலகைய நான் புடிக்கட்டுங்களா? யக்கா, சாருக்கு ஒரு நாற்காலி எடுத்துட்டு வாங்க, பாத்தியில போடலாம்!”

கூடையோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்தார்கள். “சூசை சார், தண்ணி குடிக்கிறீங்களா?” என்று ஒருவர் கேட்டார். “சார் காலு வலிக்கப்போவுது, பாத்து நடங்க,” என்றது இன்னொரு குரல். நாள் முழுக்க அது ஓயவில்லை. அப்பாவும் முதலில் கூடச் சேர்ந்து சிரித்தார். மத்தியானத்துக்குப் பிறகு சிரிக்கவில்லை. யாரும் அவரை ஒருமுறைகூட ‘டேய்’ என்று கூப்பிடவில்லை.

வேலை முடிந்து வரப்பின்மேல் நடந்து வந்தோம். அப்பா முன்னால், நான் பின்னால். ரோடு ஏறும் இடத்தில் அப்பா நின்றார். திரும்பவில்லை.

“டேய்.”

“என்னப்பா?”

“உங்க காலேஜ் சாரு… வாங்கய்யா, உக்காருங்கன்னாரே.”

“ம்.”

“அதுவும் இதானாடா?”

சாலையில் புதுச்சேரி பஸ் ஒன்று போனது. அதன் சத்தம் அடங்கும்வரை எனக்கு நேரம் கிடைத்தது.

“இல்லப்பா,” என்றேன். “அது வேற. இவனுங்க கிண்டல் பண்றானுங்க. அவரு நெஞ்சுலேர்ந்து சொன்னாரு.”

“நெசமாவா?”

“நெசமாத்தாம்பா. அவரு ரொம்ப மரியாதையான மனுஷன்.”

அப்பா இப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அதான பாத்தேன். படிச்ச மனுஷன்.” ரோட்டில் ஏறினார். “அவரப் பாத்தன்னா, அப்பா கேட்டாருன்னு சொல்லு.”

“சொல்றேம்பா.”